கடுப்பு தணிதலும் நோய் தீர்தலும்: கடாரத்து மக்களின் நோய்ச்சொற்களும் மருந்துப் பயன்பாடும்



இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் இவ்வரிசையில், சிறுநீர்ப் பாதையில் தோன்றும் வலியையும் அதைத் தணிக்கும் மருந்தையும் பொருளாகக் கொண்டு நிற்கிறேன். இது மருத்துவர்கள் பேச வேண்டியதன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவம் மருத்துவர்க்குரியதே. ஆயினும் நோயாளி தன் வலியை மருத்துவரிடம் சொல்லும் சொல்லும், மருந்துப் பையின் மேல் எழுதப்பட்ட சொல்லை அவர் புரிந்துகொள்ளும் விதமும் மொழிக்குரியவை. அவ்விரண்டிலும் நேரும் பிழை உடலில் போய் முடிகிறது. அதனால்தான் இப்பொருளை மொழி மன்றத்திற்குக் கொண்டு வந்தேன்.

என் தாயார் பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து, மங்கில் பால் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்ப நண்பகலாகிவிடும். வெளிக்காட்டில் பெண்களுக்கு ஒதுக்கிடம் கிடையாது. எனவே அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தனர், வந்ததை அடக்கினர். இரண்டும் கிருமிக்கு வாய்ப்பளிக்கும் பழக்கங்கள். மாதக்கணக்கில் நீர்க்கடுப்போடு வேலை செய்தும் அதை எவரிடமும் சொல்லாத பெண்கள் லயத்துக்கு லயம் இருந்தனர்.

ஏன் சொல்லவில்லை? நம் இலக்கணமே அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மலம் கழித்து வந்ததைக் ‘கால் கழுவி வந்தேன்’ என்பது ஆசிரியர்கள் தவறாது காட்டும் எடுத்துக்காட்டு. ‘ஒன்றுக்குப் போதல்’ என்பதும் அவ்வழிப்பட்டதே. மலாய் மொழியிலும் ‘பூவாங் ஆயிர் கெச்சில்’, அதாவது சிறுநீரைக் கழித்தல், என்ற மென்மொழி உண்டு. இடக்கரடக்கல் பண்பாட்டின் அழகு, அதில் ஐயமில்லை. ஆனால் அது அவைக்கு உரியது. மருத்துவரின் அறை அவையன்று. அங்கும் அடக்கினால், அடங்குவது சொல் மட்டுமே, நோய் அடங்காது.

மறைத்துச் சொல்லும் வழக்கு ஒருபுறமிருக்க, வெளிப்படையாகச் சொல்லத் துணிந்தவர்க்குத் தமிழ் எத்தனை நுட்பமான சொற்களை வைத்திருக்கிறது என்று பாருங்கள். நீர் கழியும்போது தீயாய்ச் சுடுவது எரிச்சல். கழிந்த பின்னும் அடிவயிற்றில் இழுத்துப் பிடித்து, மீண்டும் வருவது போலத் தூண்டுவது கடுப்பு. சொட்டுச் சொட்டாக, சிறுகச் சிறுக வருவது நீர்ச்சுருக்கு. வர வேண்டியது வராமல் நிற்பது நீர்க்கட்டு. கல் வழியை மறிப்பது கல்லடைப்பு. விலாவின் பின்புறம் குத்தித் தொடைப்பக்கம் இறங்கும் வலியைக் குத்து, குடைச்சல் என்கிறோம். இவை ஒரே பொருள் குறித்த பல சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் உறுப்பையும் காரணத்தையும் சுட்டக்கூடியது.

எரிச்சலும் கடுப்பும் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்று என்று மருத்துவர் எண்ணத் தொடங்குவார். குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிரே இத்தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். பெண்களின் சிறுநீர்வடிகுழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டரே நீளமுடையது. ஆண்களுக்கு அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். கிருமி ஏறிச் செல்லும் தொலைவு குறைவென்பதால் பெண்களுக்கே இந்நோய் மிகுதி. முதிய ஆணுக்கு நீர்ச்சுருக்கு என்றால், சுக்கிலச் சுரப்பி வீங்கிப் பாதையை நெருக்குகிறதோ என ஆராய வேண்டும். விலாக்குத்து என்றால் கல்லோ, சிறுநீரகத் தொற்றோ என்று ஐயுற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

இனி, இச்சொற்கள் மருத்துவ நிலையத்தில் என்ன ஆகின்றன என்று பார்ப்போம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் இருந்த காலத்தில், அவரும் பெரும்பாலும் தமிழ் அறிந்தவர். ‘கடுக்குது ஐயா’ என்றால் அவருக்குப் புரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும், மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ் என்று பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தும் போயினர். இன்று பாட்டி அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குப் போகிறார். உடன் பேத்தி செல்கிறாள். மலாயில் பெடிஹ் என்பது எரிவு. செனாக் என்பது வயிற்றை அடைக்கும் வலி. ஙிலு என்பது குடைச்சல். இவையெல்லாம் இருந்தும், பன்னிரண்டு வயதுப் பேத்தி எல்லாவற்றையும் ‘சாக்கிட்’ என்ற ஒரு சொல்லில் போட்டுவிடுகிறாள். வலி என்பது உண்மைதான். ஆனால் எந்த வலி என்பது வழியிலேயே உதிர்ந்து போகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மலாயில் நீரிழிவு ‘கென்சிங் மானிஸ்’. அதைப் பின்பற்றி மலேசியத் தமிழர் ‘இனிப்பு நீர்’ என்கிறோம். சிறுநீர்த் தொற்றை மலாய் மக்கள் பேச்சில் ‘கென்சிங் கோத்தோர்’, அழுக்கு நீர், என்பர். பாட்டி ‘எனக்கு நீர் வியாதி’ என்று தொடங்கினால் அது எந்த நீர்? இனிப்பு நீருக்கு ஏற்கெனவே மாத்திரை உண்பவராயின், மருத்துவர் அதையே பேசுவதாக எண்ணிக்கொண்டு கடுப்பைக் கேளாமலே அனுப்பிவிடவும் கூடும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுறல் ஆய்வு நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இனிப்பு நீர் உள்ளவர்க்குத் தொற்று எளிதில் வரும்; வந்தால் சிக்கலாகும் வாய்ப்பும் மிகுதி. ஆகவே இரு நோயும் ஒருவரிடமே இருப்பது அரிதன்று; இரண்டையும் தனித்தனியே பெயர்சொல்லிக் கூற வேண்டும்.

‘சூடு’ என்ற சொல்லும் நம்மைத் திசைமாற்றுகிறது. நீர் எரிந்தால் ‘உடம்புச் சூடு’ என்போம். சூட்டுக்கு மாற்று குளிர்ச்சி. எனவே பார்லித் தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு. நீர் மிகுதியாக அருந்துவது நன்றே; சிறுநீர் நீர்த்து எரிவு குறையும், கிருமியும் ஓரளவு கழுவப்படும். நெருஞ்சிலும் சிறுபீளையும் மூக்கிரட்டையும் சித்த மருத்துவம் நெடுங்காலமாகச் சிறுநீர் நோய்களுக்குக் கையாளும் மூலிகைகள். மலாய்க்காரர் ‘மிசாய் கூச்சிங்’ எனப் போற்றும் பூனைமீசையும் அத்தகையதே. இவற்றை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு இளநீரிலும் வாழைத்தண்டிலும் உள்ள பொட்டாசியமே தீங்காகலாம். காய்ச்சலோடு வந்த தொற்றைக் குளிர்ச்சியால் ஆற்ற முயன்று நாள் கடத்துவது பேரிடர். ‘சூடு’ என்ற பெயர் காரணத்தைச் சொல்வதில்லை. உணர்வை மட்டுமே சொல்கிறது.

இப்போது மருந்துக்கு வருகிறேன். தமிழில் ‘மருந்து’ என்பது ஒரே சொல். நோயின் வேரை அறுப்பதும் மருந்து. வலியை மட்டும் ஆற்றுவதும் மருந்து. இவ்வொற்றுமையே என் தாயாரை வீழ்த்தியது. ஒரு முறை அவருக்குப் பையில் இரு மாத்திரைகள் தரப்பட்டன. ஒன்று கிருமிக்கு, மற்றொன்று கடுப்புக்கு. இரண்டாம் நாளே கடுப்பு நின்றது. ‘மருந்து கேட்டுவிட்டது’ என்று மகிழ்ந்து, எஞ்சிய கிருமி மாத்திரைகளை ‘அடுத்த முறைக்கு ஆகும்’ என்று பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தினார். ஒன்பதாம் நாள் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் விலாக்குத்தும் வந்தன. தொற்று சிறுநீரகத்திற்கு ஏறியிருந்தது. மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்து மீண்டார். அந்தப் பையின் மேல் என்ன எழுதியிருந்தது என்று பின்னர் பார்த்தேன். ஒன்றில் ‘ஹாபிஸ்கான்’, முழுதும் தீர்க்கவும், என்றிருந்தது. மற்றதில் ‘பிலா பெர்லு’, தேவைப்படும்போது, என்றிருந்தது. நோய் தீர்க்கும் மருந்துக்கும் வலி தணிக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அவ்விரு தொடர்களுக்குள் இருந்தது. அவற்றைப் படித்துச் சொல்ல அன்று வீட்டில் ஒருவரும் இல்லை. நானும் அன்று அருகிலில்லை.

இவ்வேறுபாட்டை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சிறுநீர் வலியைத் தணிக்க உலகெங்கும் பெயர்பெற்ற ஒரு மாத்திரை ஃபெனாசோபிரிடின். 1920களின் இறுதியில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வேதியியலறிஞர் பெர்ன்ஹார்ட் யோஸ் கண்டறிந்த ஒரு அசோ சாயம் அது. சாயங்களால் கிருமிகளைக் கொல்லலாம் என்ற நம்பிக்கை வலுத்திருந்த காலம். அந்நம்பிக்கை வீண்போகவுமில்லை: ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ஹார்ட் டோமாக் 1935இல் வெளியிட்ட பிரோண்டோசில் என்ற செந்நிறச் சாயம் சல்ஃபா மருந்துகளின் யுகத்தைத் திறந்தது, 1939இல் அவர்க்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஃபெனாசோபிரிடினும் சிறுநீர்க் கிருமிநாசினி என்றே முதலில் விற்கப்பட்டது. ஆனால் அது கிருமியைக் கொல்வதன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. சிறுநீரோடு வெளியேறும்போது பாதையின் உட்படலத்தை மரக்கச் செய்து வலியை ஆற்றுவது மட்டுமே அதன் பணி. நோய் தீர்ப்பதாக நினைத்த மருந்து வலி தணிப்பதாக மட்டும் நின்றது. அறிஞர்களே மயங்கிய இடத்தில் என் தாயார் மயங்கியதில் வியப்பென்ன?

இம்மாத்திரை பற்றி அறிய வேண்டியவை சில. இதை உண்டால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். ஆடையில் பட்டால் கறை போகாது. கண்ணில் அணியும் கண்வில்லையும் நிறமேறும். இது இரத்தமன்று, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உண்பவர்க்கு முன்னரே சொல்லாவிடில், பயந்து இரு மருந்தையும் நிறுத்திவிடுவர். சிறுநீர்ச் சோதனைத் தாளின் நிறத்தையும் இது மாற்றுவதால், சோதனைக்கு முன் உண்டதைச் சொல்ல வேண்டும். கிருமி மருந்துடன் சேர்த்து இரண்டு நாளுக்கு மேல் இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குள் கிருமி மருந்தே வலியைக் குறைக்கத் தொடங்கியிருக்கும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இது ஆகாது. கண்ணும் தோலும் மஞ்சளித்தால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உடையவர்க்கு இது இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாட்டைச் சோதிப்பது வழக்கம். இருப்பதாகச் சொன்னால் அச்சீட்டை வாழ்நாள் முழுதும் காக்க வேண்டும். நைட்ரோஃபுராண்டாயின் என்ற கிருமி மருந்தும் அத்தகையோர்க்குத் தீங்கானதே.

மருந்துக் கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் சிட்ரேட் தூள் பொட்டலங்களும் பலர் அறிந்தவை. தண்ணீரில் கலந்தால் நுரைக்கும் அத்தூள், சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலை ஆற்றவல்லது. அதிலும் கிருமியைத் தீர்க்கும் ஆற்றல் இல்லை. சோடியம் மிகுந்தவற்றை இரத்த அழுத்தமும் இதய நோயும் உடையோர் கேட்டறிந்தே உண்ண வேண்டும். பொட்டாசியம் கொண்டவற்றைச் சிறுநீரக நோயாளிகள் தவிர்க்க வேண்டும். நைட்ரோஃபுராண்டாயின் புளித்த சிறுநீரிலேயே நன்கு வேலை செய்வது; அதை உண்ணும்போது இத்தூளையும் சேர்த்து உண்டால் மருந்தின் வீரியம் குறையும். வலி தணிக்கும் நற்செயலே நோய் தீர்க்கும் செயலுக்கு இடையூறாவது காண்க. வெறும் வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலோர்க்கு ஏற்றது. சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப்புண் உடையோர் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. சுக்கிலச் சுரப்பி வீங்கிய முதியவர், சளிக்கென்று விற்கும் சில மாத்திரைகளை உண்டால் நீர் முற்றிலும் கட்டிக்கொள்ளவும் கூடும். கிருமி மருந்தோ, 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்படி, மருத்துவர் சீட்டின்றி விற்கத்தக்கதன்று. அண்டை வீட்டாரின் எஞ்சிய மாத்திரை அச்சட்டத்தைக் கடந்து வந்த பண்டம்; அதன் அளவும் நாளும் நமக்குரியவை அல்ல.

எவற்றை வீட்டில் ஆற்றக் கூடாது என்பதையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலும் நடுக்கமும், விலாக்குத்து, வாந்தி, நீரில் இரத்தம், நீர் முற்றிலும் நிற்றல் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருவுற்ற பெண், சிறு குழந்தை, இனிப்பு நீர் உடையவர், முதியவர் ஆகியோர்க்கு எரிச்சல் தோன்றினாலே போதும், காத்திருக்கலாகாது. ஆண்களுக்கும் இத்தொற்றை இலேசாகக் கருத இடமில்லை.

இவற்றையெல்லாம் செயற்படுத்த நமக்கு வேண்டியது என்ன? திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக எண்ணுகிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். முதல் மூன்றும் எந்த நாட்டு மருத்துவ நூலிலும் இருக்கும். நான்காமவரையும் சமமாக வைத்து எண்ணியதில்தான் வள்ளுவரின் உலகியல் அறிவு தெரிகிறது. இன்றைய கடாரத்தில் அந்த நான்காமவர் யார்? பாட்டியின் சொல்லை மலாயில் கொண்டு செல்லும் பேத்தியே. மருந்துப் பையின் மலாயைத் தமிழில் கொண்டு வருபவளும் அவளே. மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தோளில் ஏற்றி வைத்துவிட்டு, அவளுக்கு வேண்டிய சொற்களை நாம் கற்பிக்கவில்லை.

ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. எரிச்சல், கடுப்பு, சுருக்கு, கட்டு, குத்து என்னும் ஐந்து சொற்களையும், அவற்றுக்கு நேரான மலாய்ச் சொற்களையும் வகுப்பறையில் வெட்கமின்றிக் கற்பியுங்கள். ‘ஹாபிஸ்கான்’, ‘பிலா பெர்லு’ என்ற இரண்டையும் தமிழில் எழுதி மருந்துப் பையில் ஒட்டும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். நான் இவ்வாறு எழுதுவேன்: ‘தீர்க்கும் மருந்து, முழுதும் உண்க’, ‘தணிக்கும் மருந்து, வலித்தால் உண்க’. இரண்டு வினைச்சொற்கள் போதும். ‘மருந்து’ என்ற ஒற்றைச் சொல்லின் மயக்கம் தீர்ந்துவிடும். மருத்துவ நிலையங்களிலும் தமிழறிந்த பெண் தாதியரிடம் பேச வேண்டுமெனக் கேட்கத் தயங்காதீர்கள். தோட்டத்திலும் கூலிம் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் பெண்களுக்குக் கழிப்பிடமும் அங்குச் சென்றுவர நேரமும் கிடைக்கக் குரல் கொடுப்பதும் இம்மருத்துவத்தின் ஒரு பகுதியே.

என் தாயார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. வேறு நோயால் மறைந்தார். அந்தப் பிஸ்கட் டின் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. இப்போது அதில் ஊசியும் நூலும் வைத்திருக்கிறோம். மீந்த மாத்திரை எதையும் அதில் வைப்பதில்லை.